பங்கஜ் ராய்

பங்கஜ் ராய் (மே 31, 1928 – பிப்ரவரி 4, 2001) இந்தியத் துடுப்பாட்ட வீரர் ஆவார். வலக்கைத் துடுப்பாளரான இவர், இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரராக 1951 முதல் 1960 வரை 43 தேர்வுப் போட்டிகளில் ஆடி, 5 சதங்களுடன் 2,442 ஓட்டங்கள் எடுத்தார். 1956 ஆம் ஆண்டு சென்னையில் வினூ மங்காடுடன் இணைந்து முதல் விக்கெட்டுக்கு இவர் சேர்த்த 413 ஓட்டங்கள் 52 ஆண்டுகள் உலக சாதனையாக நிலைத்திருந்தன. 1952 ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணத்தில் ஏழு இன்னிங்சுகளில் ஐந்து முறை ஓட்டம் ஏதும் எடுக்காமல் ஆட்டமிழந்தவரும் இவரே. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை.

இளமைக் காலம்

பங்கஜ் ராய் கொல்கத்தாவில் பிறந்தார். துடுப்பாட்டத்துடன் கால்பந்தும் ஆடியவர். வங்காளத்தில் கால்பந்துக்கு இருந்த செல்வாக்கு துடுப்பாட்டத்துக்கு அன்று இல்லை. சென்னை, மும்பை நகரங்களைப் போல வங்காளத்தில் இருந்து இந்திய அணிக்குத் துடுப்பாளர்கள் வரிசையாக வந்த மரபும் கிடையாது. 1946–47 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் வங்காள அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கிய ராய், அந்த அறிமுக ஆட்டத்திலேயே சதம் அடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் வங்காள அணியின் நிலையான தொடக்க ஆட்டக்காரர் ஆனார்.

ஏழு இன்னிங்சில் 387 ஓட்டங்கள்

1951–52 இல் நைஜல் ஹோவார்டு தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. லென் ஹட்டன், டெனிஸ் காம்டன், அலெக் பெட்சர் போன்ற முதன்மை வீரர்கள் இந்தப் பயணத்தில் இடம்பெறவில்லை. நவம்பர் 1951 இல் டெல்லியில் நடந்த முதல் தேர்வுப் போட்டியில் ராய் அறிமுகமாகி 12 ஓட்டங்கள் எடுத்தார். அதே போட்டியில் 154 ஓட்டங்கள் குவித்த விஜய் மெர்ச்சன்ட், தோளில் காயமுற்று, அத்துடன் தேர்வுத் துடுப்பாட்டத்தில் இருந்து விலகினார். அடுத்து மும்பையில் நடந்த போட்டியில் ராய் 140 ஓட்டங்கள் எடுத்தார்.

தொடரின் கடைசிப் போட்டி 1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. முதல் நாளன்று இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்ததால் ஓய்வு நாள் முன்னதாகவே விடப்பட்டது. மங்காட் முதல் இன்னிங்சில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளும் இரண்டாவதில் 4 விக்கெட்டுகளும் எடுத்தார். ராய் 111 ஓட்டங்களும், பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ஓட்டங்களும் எடுத்தனர். இந்தியா ஒரு இன்னிங்ஸ், 8 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. 1932 இல் தேர்வுத் துடுப்பாட்டத்தில் நுழைந்த இந்தியாவுக்கு இதுவே முதல் வெற்றி. அந்த வெற்றியின் அடித்தளங்களுள் ஒன்று 23 வயதான ராயின் சதம்.

இத்தொடரில் ராய் ஆடிய ஏழு இன்னிங்சுகளில் எடுத்தவை 387 ஓட்டங்கள், சராசரி 55.28. அடுத்த தொடரிலும் இவருக்குச் சரியாக ஏழு இன்னிங்சுகளே கிடைத்தன.

1952 இங்கிலாந்துப் பயணம்

சென்னை வெற்றி நடந்து நான்கு மாதங்கள் முடிவதற்குள் இந்திய அணி விஜய் ஹசாரே தலைமையில் இங்கிலாந்தில் முதல் தேர்வுப் போட்டியை ஆடியது. மெர்ச்சன்ட் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றொரு புகழ்பெற்ற தொடக்க ஆட்டக்காரரான முஷ்டாக் அலிக்குச் சென்னைப் போட்டியே கடைசித் தேர்வுப் போட்டியாக அமைந்தது. லாலா அமர்நாத்தும் அணியில் இல்லை. மங்காட் லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கழகத்துக்கு ஒப்பந்தமாகியிருந்தார். தன்னை அணியில் சேர்ப்பதாக முன்கூட்டியே உறுதி தருமாறு அவர் கேட்டதைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. ஆகவே, ஏழு மாத வயதுடைய ஒரு தேர்வு வாழ்க்கையைக் கொண்ட ராய்தான் அணியின் மூத்த தொடக்க ஆட்டக்காரர் என்ற நிலை உருவானது.

எதிரணியில் ஹட்டன் தலைமை ஏற்றார். அந்த நூற்றாண்டில் இங்கிலாந்து அணிக்குத் தலைவரான முதல் தொழில்முறை வீரர் அவர். பெட்சரின் பந்துவீச்சுடன் புதிதாக 21 வயது பிரெட் ட்ரூமனும் சேர்ந்தார். அரச விமானப்படையில் கட்டாயப் பணியில் இருந்த அவர் விடுப்பில் வந்து ஆடினார்.

இந்தியத் துடுப்பாளர்களுக்கு அன்று உண்மையான வேகப்பந்தை எதிர்கொள்ளும் பழக்கம் குறைவு. முகமது நிசாரின் கடைசித் தேர்வுப் போட்டி 1936 இல் முடிந்தது. அமர் சிங் 1940 இல் இறந்தார். அவர்களுக்குப் பின் அந்த வேகத்தில் வீசக்கூடியவர் நாட்டில் இல்லாததால், வலைப் பயிற்சியில்கூட அத்தகைய பந்தை ஆடிப் பார்க்க வழியில்லை. மேலும், உள்நாட்டு ஆடுகளங்கள் பெரும்பாலும் மெதுவானவை. பந்து தரையில் பட்டபின் வேகம் குறைந்து தாழ்வாக வரும்; முன்காலை நீட்டி ஆடினால் போதும். இங்கிலாந்தில் அக்காலத்தில் ஆடுகளத்தை மழையில் இருந்து முழுமையாக மூடி வைக்கும் வழக்கம் இல்லை. ஈரமான தரையில் புதுப் பந்து விழுந்து எகிறும், கடைசி நேரத்தில் விலகும். தலைக்கவசமும் கிடையாது. இச்சூழலில் பந்தின் போக்கை முடிந்தவரை தாமதமாகத் தீர்மானிப்பவரே தப்பிக்க முடியும். இது ஒரே பருவத்தில் கற்றுக்கொள்ளக் கூடியதன்று.

லீட்ஸ்

முதல் தேர்வுப் போட்டி ஜூன் மாதத்தில் லீட்சில் நடந்தது. முதல் இன்னிங்சில் ராய் 19 ஓட்டங்கள் எடுத்தார். விஜய் மஞ்ச்ரேகர் 133, ஹசாரே 89 என நான்காவது விக்கெட்டுக்கு 222 ஓட்டங்கள் சேர்த்ததால் இந்தியா 293 ஓட்டங்களை எட்டியது. இங்கிலாந்து 334. வெறும் 41 ஓட்டங்களே பின்தங்கிய நிலையில் இந்தியா இரண்டாவது இன்னிங்சைத் தொடங்கியது.

முதல் ஓவரிலேயே ட்ரூமனின் பந்தில் காம்டனிடம் பிடி கொடுத்து ராய் வெளியேறினார். அடுத்து தத்தா கெய்க்வாட் பெட்சரிடம் ஆட்டமிழந்தார். பின்னர் மாதவ் மந்திரி, மஞ்ச்ரேகர் இருவரும் ட்ரூமனால் வீழ்த்தப்பட்டனர். முதல் 14 பந்துகளுக்குள் இந்தியாவின் கணக்கு ஓட்டம் ஏதுமின்றி 4 விக்கெட். தேர்வுத் துடுப்பாட்ட வரலாற்றில் இதைவிட மோசமான தொடக்கம் எந்த அணிக்கும் அமைந்ததில்லை. நால்வரில் மஞ்ச்ரேகர் முதல் இன்னிங்சில் சதமடித்தவர் என்பது கவனிக்கத்தக்கது. ஹசாரே 56, தத்து பட்கர் 64 என நூறு ஓட்டங்களுக்கு மேல் சேர்த்து ஓரளவு மானம் காத்தனர். இந்தியா 165 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து, 7 விக்கெட்டுகளால் தோற்றது. கரும்பலகையில் சுழியத்துக்கு எதிரே நான்கு விக்கெட் காட்டும் புகைப்படம் இன்றும் துடுப்பாட்ட நூல்களில் இடம்பெறுகிறது. அதில் முதல் விக்கெட் ராயினுடையது.

லார்ட்ஸ்

இரண்டாம் போட்டிக்கு லீக் கழகத்திடம் அனுமதி பெற்று மங்காட் வரவழைக்கப்பட்டார். ராயும் மங்காடும் முதல் விக்கெட்டுக்கு 106 ஓட்டங்கள் சேர்த்தனர். மங்காட் 72, ராய் 35. லீட்சில் நேர்ந்தது ஒரு விபத்து என்றே அன்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் ராய்க்கு அத்தொடரில் கிடைத்த கடைசி ஓட்டங்கள் இவையே. இரண்டாவது இன்னிங்சில் பெட்சரின் பந்தில் ஓட்டமின்றி ஆட்டமிழந்தார். மறுமுனையில் அதே ஆடுகளத்தில், அதே பந்துவீச்சை எதிர்த்து, 73 ஓவர்கள் பந்துவீசிய களைப்புடன் மங்காட் 184 ஓட்டங்கள் குவித்தார். இங்கிலாந்து 8 விக்கெட்டுகளால் வென்றது.

மான்செஸ்டரும் ஓவலும்

ஜூலையில் மான்செஸ்டரில் மழையால் அடிக்கடி தடைபட்ட ஆட்டத்தில் இங்கிலாந்து 9 விக்கெட்டுக்கு 347 ஓட்டங்கள் எடுத்து, மூன்றாம் நாளில் இன்னிங்சை முடித்துக்கொண்டது. அன்று ஒரே நாளில் இந்தியா 58, 82 என இரண்டு முறை ஆட்டமிழந்தது. ஒரே நாளில் இருமுறை சுருண்ட முதல் தேர்வு அணி இந்தியாவே. முதல் இன்னிங்சில் ட்ரூமன் 31 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தார். துடுப்பாளரைச் சுற்றி ஸ்லிப், கல்லி, ஷார்ட் லெக் இடங்களில் வளையமாக ஆட்களை நிறுத்தி, எல்லைக் கோட்டருகே ஏறத்தாழ யாரையும் வைக்காமல் ஹட்டன் களத்தை அமைத்தார். ராய் இரண்டு இன்னிங்சுகளிலும் ட்ரூமனிடமே ஓட்டமின்றி வீழ்ந்தார். ஒருவர் ஒரே நாளில் இருமுறை சுழியத்தில் ஆட்டமிழப்பது ஊர்ப் போட்டிகளில்கூட அரிதாகவே நடக்கும். இந்தியாவின் தோல்வி ஒரு இன்னிங்ஸ், 207 ஓட்டங்கள்.

ஆகஸ்டில் ஓவலில் நடந்த கடைசிப் போட்டியில் இங்கிலாந்து 6 விக்கெட்டுக்கு 326 எடுத்தது. பதிலுக்கு ஆடிய இந்தியாவின் முதல் ஐந்து விக்கெட்டுகள் 6 ஓட்டங்களுக்குள் சரிந்தன. ராய் மீண்டும் சுழியம். பந்துவீச்சாளர் மீண்டும் ட்ரூமன். இந்தியா 98 ஓட்டங்களுக்குச் சுருண்டாலும், மழை குறுக்கிட்டதால் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தொடரை இங்கிலாந்து 3–0 என வென்றது. ட்ரூமன் நான்கு போட்டிகளில் 29 விக்கெட்டுகளும், பெட்சர் 20 விக்கெட்டுகளும் எடுத்தனர்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ராயின் இன்னிங்சுகள் வரிசையாக: 19, 0, 35, 0, 0, 0, 0. மொத்தம் 54 ஓட்டங்கள், சராசரி 7.71. குளிர்காலத்தில் ஏழு இன்னிங்சில் 387. அதே ஆண்டின் கோடையில் ஏழு இன்னிங்சில் 54.

இது இவர் ஒருவரது வீழ்ச்சி அன்று என்பதை உம்ரிகரின் கணக்குக் காட்டும். அந்தப் பயணத்தில் மாவட்ட அணிகளுக்கு எதிரான ஆட்டங்களையும் சேர்த்து 1,688 ஓட்டங்கள் குவித்த உம்ரிகர், தேர்வுப் போட்டிகளின் ஏழு இன்னிங்சுகளில் எடுத்தது 43 மட்டுமே. அதாவது ராயைக் காட்டிலும் 11 குறைவு. ட்ரூமன் ஓடி வரும்போது உம்ரிகர் லெக் திசையில் விலகியது பற்றிப் பல கேலிக் கதைகள் உலவின. ராயைப் பற்றி அத்தகைய கதைகள் அதிகமில்லை. இவர் விலகவில்லை, ஆட்டமிழந்தார். அதற்குள் ஒரு கதை உருவாக நேரமில்லை என்றும் சொல்லலாம்.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் துடுப்பாளர் ஒருவர் தொடர்ந்து தோற்றாலும், 1952 இல் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள் இருந்தன. இன்றைக்குத் தவறினால் நாளைக்கு மீண்டும் நான்கு முறை மட்டையைப் பிடிக்கலாம். தேர்வுத் துடுப்பாட்டத்தில் ஒரு பிழைக்குப் பின் அடுத்த வாய்ப்புக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். தொடக்க ஆட்டக்காரருக்கு அதிலும் மோசமான நிலை: பந்து புதிதாகவும், வீச்சாளர் களைப்பின்றியும் இருக்கும் நேரத்திலேயே களமிறங்க வேண்டும். ஐந்து சுழியங்களுக்கும் ராய் சந்தித்த மொத்தப் பந்துகள் மிகச் சிலவே. ஏழு எண்களைக் கொண்டு ஒருவரின் திறனை அளப்பது புள்ளியியல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று. எனினும் தோற்ற அணிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அட்டவணையின் முதல் வரியில் இருந்த பெயர் அதற்கு எளிதாகப் பொருந்தியது.

ராயின் தேர்வு வாழ்க்கையில் மொத்தச் சுழியங்கள் 14. அவற்றுள் ஐந்து இந்த ஒரே கோடையில் வந்தவை. முழு வாழ்க்கைச் சராசரி 32.56, இந்தத் தொடரை மட்டும் நீக்கிக் கணக்கிட்டால் அது 35ஐச் சற்றுத் தாண்டும். ஒருவரின் வரலாற்றில் விரும்பாத பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கணக்கிடுவது முறையன்று என்றாலும், அந்தப் பக்கத்தின் எடை எவ்வளவு என்று அறிய இக்கணக்கு உதவும்.

மீண்டெழுதல்

இந்தப் பயணத்துடன் ராயின் தேர்வு வாழ்க்கை முடிந்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1953 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதன்முறையாகச் சென்ற இந்திய அணியிலும் இவர் இடம்பெற்றார். கிங்ஸ்டன் நகரில் நடந்த கடைசிப் போட்டியின் முதல் இன்னிங்சில் 85 ஓட்டங்கள் எடுத்தார். வொரல் 237, வீக்ஸ் 109, வால்காட் 118 என மூவரும் சதமடிக்க, மேற்கிந்தியத் தீவுகள் 264 ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. இரண்டாவது இன்னிங்சில் ராய் 150, மஞ்ச்ரேகர் 118 என இரண்டாவது விக்கெட்டுக்கு 237 ஓட்டங்கள் சேர்த்துப் போட்டியைத் தோல்வியில் இருந்து காத்தனர். லீட்சில் 14 பந்துகளுக்குள் சுழியத்தில் வெளியேறிய நால்வரில் இருவர் இவர்கள்.

413

1955–56 இல் நியூசிலாந்து அணி இந்தியா வந்தது. கொல்கத்தாப் போட்டியில் ராய் சொந்த ஊரில் சதம் அடித்தார். ஐந்தாவது போட்டி 1956 ஜனவரியில் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் நடந்தது. பின்னாளில் நேரு விளையாட்டரங்கம் எனப் பெயர் பெற்ற அந்த அரங்கில் நடந்த முதல் தேர்வுப் போட்டி இது.

மங்காடும் ராயும் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கி முதல் நாள் முழுவதும் ஆட்டமிழக்காமல் ஆடினர். இரண்டாம் நாளிலும் தொடர்ந்தனர். 1948 இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஹட்டனும் வாஷ்புரூக்கும் எடுத்த 359 ஓட்டங்களே அதுவரை முதல் விக்கெட்டுக்கான உலக சாதனை. அதைக் கடந்து, 472 நிமிடங்கள் ஆடி, 413 ஓட்டங்களில் இந்த இணை பிரிந்தது. ராய் 173 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். இதுவே தேர்வுப் போட்டிகளில் இவரது அதிகபட்சம். மங்காட் 231 எடுத்தார். இந்தியா 3 விக்கெட்டுக்கு 537 ஓட்டங்களில் இன்னிங்சை முடித்துக்கொண்டு, ஒரு இன்னிங்ஸ், 109 ஓட்டங்களால் வென்றது. சுபாஷ் குப்தே 9 விக்கெட்டுகள் எடுத்தார்.

நியூசிலாந்தின் அன்றைய பந்துவீச்சை ட்ரூமன், பெட்சர் இணையுடன் ஒப்பிட இயலாது. ஆடுகளமும் துடுப்பாளர்களுக்கு உகந்ததே. ஆயினும் அத்தகைய ஆடுகளங்களும் பந்துவீச்சும் அடுத்த அரை நூற்றாண்டில் எத்தனையோ இணைகளுக்குக் கிடைத்தன. 413ஐ எட்ட முடியவில்லை. 2006 இல் லாகூரில் சேவாக்கும் திராவிடும் 410 வரை வந்து, மூன்று ஓட்டங்களில் சாதனையைத் தவறவிட்டனர். 2008 இல் சிட்டகாங்கில் வங்காளதேசத்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் நீல் மெக்கன்சியும் கிரேம் ஸ்மித்தும் 415 எடுத்து இதை முறியடித்தனர். அப்போது மங்காட், ராய் இருவருமே உயிருடன் இல்லை.

இச்சாதனையைப் பற்றி எழுதும்போது மங்காடின் பெயரே முன்னால் வருகிறது. 231 ஓட்டங்கள் இந்தியரின் தனிநபர் சாதனையாக 1983 வரை நீடித்தது இதற்கு ஒரு காரணம். அதை கவாஸ்கர் முறியடித்ததும் சென்னையிலேயே. ஆனால் 413 ஓட்டங்கள் சேரும்வரை மறுமுனையில் ஒருவர் விழாமல் நிற்க வேண்டியிருந்தது.

பிற்கால ஆட்டம்

1959 இல் இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து சென்றது. அணித் தலைவர் தத்தா கெய்க்வாட் நோயுற்றதால் லார்ட்சில் நடந்த போட்டிக்கு ராய் தலைமை ஏற்றார். தேர்வுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் வங்காளி இவரே. அடுத்தவரான சௌரவ் கங்குலிக்காக 2000 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டியில் இந்தியா 8 விக்கெட்டுகளால் தோற்றது. தொடரின் ஐந்து போட்டிகளிலும் இந்தியா தோற்றது. இங்கிலாந்து ஆடுகளங்கள் ராய்க்குக் கடைசிவரை வசப்படவில்லை என்றே கூற வேண்டும். இவரது ஐந்து சதங்களில் ஒன்றுகூட அங்கு எடுக்கப்பட்டதன்று. உம்ரிகரோ அதே பயணத்தில், 1952 இன் அவமானம் நிகழ்ந்த மான்செஸ்டரில் 118 ஓட்டங்கள் எடுத்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ராய் 99 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். இந்திய அணியின் இன்னிங்ஸ் மொத்தம் 206 மட்டுமே. 1960 டிசம்பரில் மும்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியது இவரது கடைசித் தேர்வுப் போட்டி.

உள்நாட்டுப் போட்டிகளில் மேலும் சில ஆண்டுகள் ஆடினார். இந்தியத் துடுப்பாளர்கள் வேகப்பந்தை எதிர்கொள்ளப் பழகட்டும் என்று 1962–63 பருவத்தில் நான்கு மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர்கள் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு வெவ்வேறு அணிகளில் சேர்க்கப்பட்டனர். பத்தாண்டுகளுக்கு முன் ராயின் தலைமுறைக்குக் கிடைக்காத பயிற்சி இது. ஐதராபாத் அணிக்கு வந்தவர் ராய் கில்கிறிஸ்ட். துடுப்பாளர்களின் உடலைக் குறிவைத்து வீசுபவர் என்று அஞ்சப்பட்டவர். அவர் ஆடிய ஐதராபாத் அணிக்கு எதிராக, ரஞ்சிக் கோப்பைப் போட்டியில், 34 வயதான பங்கஜ் ராய் இரண்டு இன்னிங்சுகளிலும் சதம் அடித்தார். இது தேர்வுப் போட்டி அன்று என்பதால் சாதனைப் பட்டியல்களில் காணப்படுவதில்லை. இவரது ஆட்ட வாழ்க்கையை முழுமையாக அறிய விரும்புவோர் இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 33 சதங்களுடன் 11,868 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 42.38. 1975 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

குடும்பமும் மறைவும்

ராயின் அண்ணன் மகன் அம்பர் ராய் 1969 இல் நான்கு தேர்வுப் போட்டிகளில் ஆடினார். மகன் பிரணாப் ராயும் தொடக்க ஆட்டக்காரரே. பிரணாப் இரண்டு தேர்வுப் போட்டிகளில் ஆடினார். அவற்றில் முதலாவது 1982 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராகச் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. தந்தை அங்கு 111 ஓட்டங்கள் எடுத்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரணாப் முதல் இன்னிங்சில் 6 ஓட்டங்களும், இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 60 ஓட்டங்களும் எடுத்தார்.

பங்கஜ் ராய் பிப்ரவரி 4, 2001 அன்று கொல்கத்தாவில் தமது 72ஆவது வயதில் காலமானார்.